மோட்டார் இருந்தும் தண்ணி ஏறுவது ஏன்?

(கோவையில் அடுக்குமாடிக் குடியிருப்போர் கூட்டம் ஒன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)



மோட்டாரைப் பத்தி கோயமுத்தூர்காரங்ககிட்டயே வந்து பேசுறதுக்குக் கொஞ்சம் தைரியம் வேணும். நாட்டுக்கே பம்ப்செட் செஞ்சு அனுப்புற ஊர் இது. கவலை பூட்டிக் கிணத்துத் தண்ணி இறைச்ச காலம் தொடங்கி ஆயில் என்ஜின், கரண்ட் மோட்டார், சப்மெர்சிபிள் என்று எல்லாம் பார்த்தவங்க நீங்க. ஆனா அதெல்லாம் வேணுங்கிற தண்ணியை மேல கொண்டுவந்த கதை. வேண்டாத தண்ணியை வெளியே தள்ளுற பழக்கம் நமக்குக் குறைவு.

சென்னையில் ஒரு வருஷம் பெய்யும் மழையில் ஏறத்தாழ பாதிதான் இங்கே பெய்கிறது. அதனால் ஒரு அசட்டை. ஆனா ஐப்பசியில் ஒரு மணி நேரம் விடாம கொட்டினால் லங்கா கார்னர் பாலத்துக்கு அடியிலும் கிக்கானி பள்ளிப் பக்கத்துப் பாலத்துக்கு அடியிலும் என்ன ஆகும்னு உங்களுக்கே தெரியும். மாநகராட்சி மோட்டார் வைத்து இறைத்தால்தான் வண்டி போகும். உங்க கார் பார்க்கிங் கீழ்த்தளமும் அதே மாதிரி ஒரு பள்ளம்தானுங்க.

ஒரு கணக்குப் பாருங்க. சரிவுப் பாதையும் திறந்த முற்றமும் சேர்ந்து 5,000 சதுர அடி. அதில் 5 சென்டிமீட்டர் மழை. சுமார் 23,000 லிட்டர். இரண்டு தண்ணி லாரி. அது ஒரே மணி நேரத்தில் கீழே இறங்கினால், நிமிஷத்துக்கு 390 லிட்டர் வெளியே போகணும். மோட்டார் வாங்கும்போது பெட்டியில் பெரிசா போட்டிருக்கும் லிட்டர் கணக்கை நம்பிடாதீங்க. அத்தனை மீட்டர் உயரத்துக்கு ஏத்தினால் எவ்வளவு தள்ளும் என்று கேளுங்க. உயரம் கூடக் கூட லிட்டர் குறையும்.

நம்ம ஊர்ல சம்ப்னா குடிதண்ணித் தொட்டி. நான் சொல்வது அது இல்லை. கீழ்த்தளத்தின் தாழ்ந்த மூலையில், வடியும் தண்ணி வந்து சேர ஒரு குழி இருக்குமே, அது. அதுல இரண்டு மோட்டார் வேணும், மாறி மாறி ஓடுற மாதிரி. தண்ணி ஏறினதும் தானா ஓட வைப்பது ஃப்ளோட் சுவிட்ச். ஒரு பால் பாக்கெட் கவர் அதில் சிக்கினால் போதும், மோட்டார் ஓடாது. குழிக்கு ஒரு ஜல்லடை மூடி போடுங்க. வெளியேற்றும் குழாயில் என்.ஆர்.வி. வால்வு கட்டாயம், இல்லையென்றால் மோட்டார் நின்றதும் ரோட்டுத் தண்ணி அதே குழாயில் திரும்பி வரும். இறைக்கிற தண்ணி மழைநீர் வடிகாலுக்குத்தான் போகணும். பாதாளச் சாக்கடையில் விட்டால், அது நிரம்பி உங்க கீழ்த்தளக் கழிப்பறை வழியாவே மேல வரும்.

இவ்வளவும் செஞ்ச ஒரு குடியிருப்பை நான் பார்த்தேன். பேர் வேண்டாம். புது மோட்டார், நல்ல மோட்டார். மழை ராத்திரி கரண்ட் போச்சு. ஜெனரேட்டர் இருந்தது, ஆனா அதே கீழ்த்தளத்தில். மோட்டாரோட பிளக் பாயிண்ட் முழங்கால் உயரத்தில். தண்ணி அதைத் தொட்டாச்சு. வாட்ச்மேன் தண்ணிக்குள்ள இறங்கி சுவிட்சைப் போடப் போனார். ஒரு பையன் சத்தம் போட்டு நிறுத்தினான். அந்த வாட்ச்மேன் குடும்பத்தோடு தங்கியிருந்த அறையும் கீழ்த்தளத்தில்தான். நாம காரைப் பத்திக் கவலைப்பட்டுக்கிட்டிருக்கோம், பார்த்துக்குங்க. 2024 ஜூலையில் டெல்லி ராஜிந்தர் நகரில் ஒரு கீழ்த்தள நூலகத்துக்குள் வெள்ளம் புகுந்து மூன்று மாணவர்கள் இறந்துபோனாங்க.

தண்ணி ஏறுற நேரமும் கரண்ட் போற நேரமும் ஒண்ணுதான். மரம் விழுந்து போகலாம். இல்லை, தண்ணி சூழ்ந்த இடத்தில் உயிர் போகக்கூடாது என்று மின்வாரியமே நிறுத்தும், நிறுத்தவும் வேணும். அதனால் ஈ.பி. கரண்டை மட்டும் நம்பின மோட்டார் பாதி மோட்டார்தான். வீட்டு இன்வெர்ட்டர் அதுக்கு ஆகாது. ஒரு எச்.பி. என்றால் 746 வாட். கிளம்பும்போது அதைப்போல் ஐந்தாறு மடங்கு கரண்ட் இழுக்கும். ஜெனரேட்டரோ டீசல் பம்போ வையுங்க, ஆனா தரைக்கு மேல, மேடான இடத்தில். கீழ்த்தளத்தில் ஓட்டினால் புகையே ஆளைக் கொல்லும். டீசல் டேங்கும் பேனல் போர்டும்கூட மேலதான். 2012-ல் சாண்டி புயலில் நியூயார்க் பெல்வியூ மருத்துவமனையில் ஜெனரேட்டர் 13-வது மாடியில் பத்திரமாக இருந்தது. டீசலை மேலேற்றும் பம்பு கீழ்த்தளத்தில் மூழ்கிவிட்டது. படிக்கட்டு வழியா ஆள் கையில் டீசலைச் சுமந்தாங்க.

இரண்டு மோட்டாருக்கும் தனித்தனி ஆர்.சி.சி.பி. போடுங்க, 30 மில்லி ஆம்பியர். ஒண்ணு ட்ரிப் ஆனாலும் இன்னொண்ணு ஓடும். தண்ணி நின்றுவிட்டால் யாரும் இறங்க வேண்டாம், காரை எடுக்கவும் வேண்டாம். மின்னகம் 94987 94987 எண்ணுக்குச் சொல்லி மின்சாரத்தை நிறுத்தச் சொல்லுங்க. மாவட்டப் பேரிடர் கட்டுப்பாட்டு அறை 1077.

வர்ற ஞாயித்துக்கிழமை ஒரு வேலை செய்யுங்க. பொது மெயின் சுவிட்சை அணைச்சுட்டு, குழியில் ஹோஸ் போட்டுத் தண்ணி விடுங்க. ஜெனரேட்டர் எத்தனை நிமிஷத்தில் எடுக்குது, மோட்டார் தானா ஓடுதான்னு நின்னு பாருங்க. வாட்ச்மேனையும் கூட வச்சுக்குங்க. அவர் அறையை மேல மாத்துற பேச்சையும் அன்னிக்கே முடிச்சிருங்க.