புதுவீடும் தாய்வீடும்
(சங்க ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)



பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்திக்கொண்டு, இரயில்வேயில் சரக்குக் கணக்கு எழுதிவரும் எம்மைப் புலவர்கள் வீற்றிருக்கும் இம்மேடையில் பேசப் பணித்தது செயலாளரின் அன்பேயன்றி எம் தகுதியன்று. ஆயினும் எமக்கும் சொல்ல ஒரு செய்தி உண்டு. அது தமிழைப் பற்றியது. ஆனால் தொடங்குவதோ ஸ்பெயின் நாட்டில்.

எம் மகள் இந்நகரத்துப் பல்கலைக்கழகமொன்றில் ஸ்பானிய மொழி பயில்கிறாள். சென்ற ஆண்டு அந்நாட்டின் பிற மொழிகளைப் பற்றிய பாடம் வந்தபோது, பாஸ்க் மொழியின் அரிச்சுவடியைச் சிறிது கற்றுக்கொடுத்தார்கள். இரவு உணவுக்குப் பின் அவள் உரக்கப் படிப்பாள், யாம் கேட்டிருப்போம்.

பாஸ்க் மக்கள் பிரனீஸ் மலையின் மேற்குப் பகுதியில், ஸ்பெயினிலும் பிரான்சிலுமாக வாழ்பவர்கள். அவர்கள் மொழிக்கு எவுஸ்கரா என்று பெயர். அதைப் பேசுவோர் ஏறத்தாழ 8 இலட்சம் பேரே. சுற்றிலும் உள்ள மொழிகள் இலத்தீனின் பிள்ளைகளாயிருக்க, இம்மொழி மட்டும் உலகில் எந்த மொழிக்கும் உறவென்று நிறுவப்படாமல் தனித்து நிற்கிறது.

எச்செ என்றால் வீடு. எச்செயான் என்றால் வீட்டில். எச்செரா, வீட்டிற்கு. எச்செத்திக், வீட்டிலிருந்து. எஞ்சினின் பின்னே பெட்டிகளைக் கோப்பதுபோலச் சொல்லின் பின்னே உருபுகளைக் கோக்கிறார்கள். இதைக் கேட்டதும் எமக்கு மயிர்க்கூச்செறிந்தது. “நம் தமிழ்தானம்மா இது!” என்றோம். அவள் சிரித்தாள். “இல்லையப்பா, மனிதன் வந்தான் என்னும்போது கிசோனா, மனிதன் புத்தகத்தைப் பார்த்தான் என்னும்போது கிசோனாக். இந்தியில் ‘ஆத்மீ நே கிதாப் தேகீ’ என்று ‘நே’ சேர்க்கிறோமே, அதுபோல. தமிழில் இது ஏது?” என்றாள். இருபது ஆண்டுகள் தில்லியில் இருந்தும் அந்த ‘நே’யை இடம் மாற்றிப் போட்டுச் சக ஊழியர்களின் நகைப்புக்கு ஆளாகும் எமக்கு அது உடனே விளங்கிற்று. தமிழுக்கும் பாஸ்குக்கும் உறவு கற்பித்து எழுதியவர்களும் உண்டு. மொழியறிஞர்கள் அதை ஏற்கவில்லை. உருபு ஒட்டுவதனால் மட்டும் உறவு ஆகிவிடாது.

ஆனால் இரத்த உறவு இல்லாவிடினும் பழைய நட்பு ஒன்று உண்டு. எம் சொந்த ஊர் தாமிரபரணி கடலோடு கலக்கும் பக்கத்தது, புன்னைக்காயல் அருகே. அந்த முத்துக்குளித்துறைக்கு 1542ஆம் ஆண்டில் வந்தவர் சவேரியார். அவர் நவார் நாட்டில் 1506இல் பிறந்தவர்; பாஸ்க் அவருடைய தாய்மொழி. சவேரியார் என நாம் வழங்கும் பெயரே எச்செ பெர்ரி என்னும் பாஸ்க் தொடரிலிருந்து வந்தது, பொருள் ‘புதுவீடு’. இவ்வூர்ப் பள்ளிகளின் வாயிலில் அப்பெயரைக் காணும்போதெல்லாம் இனி அந்த வீட்டை நினைத்துக்கொள்ளுங்கள்.

அவர் மொழி மக்களுக்குத் தெரியாது. மக்கள் மொழி அவருக்குத் தெரியாது. இரு மொழியும் அறிந்தவர்களைக் கூட்டி, பல நாள் உழைத்துச் செபங்களைத் தமிழாக்கி மனப்பாடம் செய்தார். கையில் மணியை அடித்துக்கொண்டு தெருத்தெருவாகச் சென்று சிறுவர்களைக் கூட்டிக் கற்பித்தார். பின்னர் பிழையொன்று தெரியவந்தது. ‘நம்புகிறேன்’ என்று வரவேண்டிய இடத்தில் ‘வேணும்’ என்று சொல்லி வந்திருந்தனர். 1544ஆம் ஆண்டில் தம் தோழர் மான்சிலாசுக்குக் கடிதம் எழுதி, ‘வேணும்’ என்பதை நீக்கி ‘விசுவாசம்’ என்று சொல்லுமாறு திருத்தினார். பாரிஸ் பல்கலைக்கழகத்தில் படித்துப் பட்டம் பெற்றவர், ஒரு சொல்லின் பிழையை ஒப்புக்கொண்டு திருத்த நாணவில்லை. தொடக்கநிலை மாணவனுக்கு வேண்டிய முதற்குணம் அதுவே.

இவற்றையெல்லாம் அறிந்து யாம் பெருமிதம் கொண்டிருந்த நாட்களிலேதான் எம் வீட்டில் ஒரு தலைகுனிவு நேர்ந்தது. ஊரில் இருக்கும் எம் அன்னையாருக்குக் காது மந்தம், தொலைபேசி பயன்படாது. அஞ்சலட்டைதான் அவருக்கு வாய். யாம் அலுவலாக வெளியூர் சென்றிருந்தபோது அவருடைய அட்டை ஒன்று வந்தது. இல்லாளும் தில்லியிலேயே பிறந்து வளர்ந்தவர். தமிழ் பேசுவார், எழுத்து அறியார். மகளும் அவ்வாறே. அண்டை வீட்டில் கொடுத்துப் படிக்கச்சொல்ல அவள் நாணினாள். அப்பா வந்து படிக்கட்டும் என்று மேசைமேல் வைத்துவிட்டாள். நான்கு நாட்கள் கழித்து யாம் எடுத்துப் படித்தோம். கண்ணில் அறுவை சிகிச்சைக்கு நாள் குறித்தாயிற்று, துணைக்கு ஒருவர் வந்தால் நலம் என்று எழுதியிருந்தார். நாள் கடந்திருந்தது. ஊரார் ஒருவர் துணையோடு அது நன்றாகவே முடிந்தது. ஆயினும் மகன் வரவில்லை என்பது மாறாதல்லவா?

பிரனீஸ் மலையடிவாரத்து வீட்டிற்கு வேற்றுமையுருபு சொல்லத் தெரிந்த பெண்ணுக்குத் தன் ஆச்சியின் வீட்டிலிருந்து வந்த நான்கு வரி படிக்கத் தெரியவில்லை. குற்றம் அவளுடையதன்று. அவள் சிறுமியாயிருந்தபோது, “இந்தியும் ஆங்கிலமும் போதும், தமிழ் தானாக வரும்” என்று சொன்னவர்கள் யாமே. பேச்சு தானாக வரும்; எழுத்து ஒருநாளும் தானாக வாராது.

பாஸ்க் மக்களைப் பாருங்கள். பிராங்கோவின் ஆட்சி 1939 முதல் 1975 வரை நீடித்தது. அவர்கள் மொழி பள்ளியிலிருந்தும் அலுவலகத்திலிருந்தும் விரட்டப்பட்டது. பிள்ளைகளுக்கு அம்மொழியில் பெயரிடவும் தடை இருந்தது. பெற்றோர் வீடுகளிலேயே பிள்ளைகளைக் கூட்டிக் கற்பித்தனர்; இகஸ்தோலா என்னும் பள்ளிகள் அவ்வாறு பெருகின. ஊருக்கு ஊர் வேறுபட்ட வழக்குகளுக்கு 1968இல் பொதுவான எழுத்து வழக்கு வகுத்தனர். 1979இல் மொழி அரசுரிமை பெற்றது. இன்று பல்கலைக்கழகப் பட்டப்படிப்பையே அம்மொழியில் படிக்கலாம். வளர்ந்தபின் மொழியைக் கற்றவரை அவர்கள் இகழ்வதில்லை. எவுஸ்கால்துன் பெர்ரி, அதாவது ‘மொழியைப் புதிதாய் உடையவர்’ என அழைக்கின்றனர்.

நமக்கோ தடுப்பார் எவருமில்லை. இத்தலைநகரில் தென்னாட்டு ஊழியர் பிள்ளைகளுக்கென 1923இல் தொடங்கிய கல்விப்பணி இன்று தில்லித் தமிழ்க் கல்விக் கழகத்தின் பள்ளிகளாய் நிற்கிறது. தில்லிப் பல்கலைக்கழகத்திலும் தமிழ் கற்கலாம். வாயில் திறந்திருக்கிறது, நுழையாதவர்கள் நாம்.

அந்த ஞாயிற்றுக்கிழமை முதல் எம் மகள் தமிழ் எழுதத் தொடங்கினாள். பாஸ்க் பாடத்தைப்போலவே கட்டம் போட்டு உருபுகளை எழுதினாள். “எச்செ மாறாமல் நிற்கிறதே, வீடு மட்டும் ஏன் வீட்டு ஆகிறது?” என்று வினவினாள். எமக்கு விடை தெரியவில்லை. சங்கத்துத் தமிழாசிரியரிடம் கேட்டுவந்து, டு, று என முடியும் சொற்கள் பல உருபேற்கையில் ஒற்று இரட்டும் என்றோம்: வீடு, வீட்டில், ஆறு, ஆற்றில். அவள் கற்றாள்; நாற்பது வயதுக்கு மேல் யாமும் கற்றோம்.

இவ்வாண்டு பொங்கலுக்கு அவளே ஆச்சிக்கு எழுதினாள். ஆறு வரிகள், மூன்று பிழைகள். யாம் திருத்தாமல் அஞ்சலில் சேர்த்தோம். மறுமொழி அவள் பெயருக்கே வந்தது. பிழைகள் மூன்றையும் சுட்டி, “அடுத்த கடிதத்தில் சரியாக எழுது, நான் காத்திருக்கிறேன்” என்று ஆச்சி எழுதியிருந்தார். அதை யாம் வீடு திரும்புமுன்பே அவள் படித்து முடித்திருந்தாள்.

அன்பர்களே, காலனிப் பிள்ளைகளுக்கு ஞாயிறுதோறும் ஒரு மணி நேரம் எழுத்துக் கற்பிக்க யாம் அணியமாயிருக்கிறோம். சங்கம் ஓர் அறையும் கரும்பலகையும் தந்துதவுமாயின் அதுவே எமக்குப் பெரும்பேறு. பெற்றோரும் பிள்ளைகளோடு வந்து அமரலாம், நாண வேண்டா. நாம் இத்தில்லியில் கட்டியது புதுவீடு. தாய்வீட்டிலிருந்து வரும் கடிதம் அதன் மேசைமேல் படிப்பாரின்றிக் கிடத்தல் ஆகாது.

வாழ்க தமிழ்!