வாழை மட்டையும் ஏடாகும்

(ஆலய ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



திருவிழாவுக்கு நம் ஆலய வாசலில் குலையோடு வாழைமரம் கட்டுகிறோம். விழா முடிந்த மறுநாள் அவை குப்பை லாரியில் ஏறிவிடுகின்றன. அந்த மட்டையின் நாரில்தான் நம் தாய்மார்கள் பூக்கட்டினார்கள். பூவோடு சேர்ந்து மணக்கும் அதே நார் காகிதமாகவும் ஆகும் என்பதைச் சொல்லவே இன்று உங்கள் முன் நிற்கிறேன்.

கி.பி. 105-ஆம் ஆண்டில் சீன அரண்மனை அதிகாரி சாய் லுன், மரப்பட்டை, சணல், கந்தல் துணி, பழைய மீன்வலை ஆகியவற்றிலிருந்து காகிதம் செய்யும் முறையை மன்னருக்கு எடுத்துரைத்தார். 1934-இல் காந்தியடிகள் வார்தாவில் தொடங்கிய அகில இந்தியக் கிராமத் தொழில் சங்கம், நலிந்திருந்த கைக்காகிதத் தொழிலை ஆதரித்தது. அச்சங்கத்தை முன்நின்று நடத்தியவர் தஞ்சாவூரில் பிறந்த ஜே. சி. குமரப்பா. ஜெய்ப்பூரை அடுத்த சங்கானேரில் உள்ள தேசியக் கைக்காகித நிறுவனம் அந்தத் தமிழரின் பெயரையே தாங்கி நிற்கிறது.

செய்முறை எளியது. மட்டையை விரலளவு நறுக்கி, சாம்பல் நீரிலோ சலவைச் சோடா கரைத்த நீரிலோ சில மணி நேரம் வேகவிட வேண்டும். சோடா அலுமினியத்தை அரிக்கும். ஆகவே எவர்சில்வர் பாத்திரமே ஏற்றது. சிறுவர்கள் அடுப்பருகே வரக்கூடாது. வெந்ததை நன்கு அலசி, உரலில் இட்டு இடிக்க வேண்டும். இடிக்க இடிக்க நார் பிரிந்து, காயும்போது ஒன்றோடொன்று தானே பற்றிக்கொள்ளும். அந்தக் கூழைத் தொட்டித் தண்ணீரில் கலக்கி, கொசுவலை அடித்த மரச்சட்டத்தால் அள்ளி, துணியில் கவிழ்த்து, பாரம் வைத்துப் பிழிந்து உலர்த்தினால் தாள் கிடைக்கும். மை ஊறாமலிருக்க மேலே கஞ்சி தடவலாம்.

நம் கோலசிலாங்கூர் வட்டாரத்தில் நாருக்குப் பஞ்சமில்லை. தஞ்சோங் காராங் வைக்கோலும் லாலான் புல்லும் குட்டை நார். வாழை நாரோடு கலந்தால் தாள் உறுதிப்படும். 1917-இல் இந்நாட்டின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டம் உருவானதும் நம் மாவட்டத்துத் தென்னமரம் தோட்டத்தில்தான். ஆலைக்குப் போகும் நூறு கிலோ குலையில் ஏறக்குறைய 22 கிலோ வெறுங்குலையாக மிஞ்சுகிறது. அதிலும் காகிதம் செய்யலாம். ஆனால் அதன் நார் முரடு, வீட்டு அடுப்புக்கு எளிதில் மசியாது. வாழையில் தொடங்குவதே நல்லது.

தோட்டத்தை விட்டு அடுக்குமாடி வீடுகளுக்குப் பெயர்ந்த குடும்பங்கள் நம்மிடையே பல. ஆடு மாடு வளர்த்து, காய்கறி பயிரிட்டு ஈட்டிய சிறு வருவாய் அவர்களுக்கு நின்றுபோனது. இந்தத் தொழிலுக்கு நிலம் வேண்டாம். தண்ணீரும் வெயிலும் உழைப்பும் போதும். விலையில் ஆலைத்தாளோடு போட்டியிட முடியாது என்பது உண்மை. ஆகவே எழுதுதாளாக விற்க முனையாமல், திருமண அழைப்பிதழ், வாழ்த்து அட்டை, மொய் உறை என்று செய்தால் கைவேலைக்குரிய விலை கிடைக்கும்.

செயலவைக்கு என் வேண்டுகோள் இரண்டு. இவ்வாண்டு வாசல் வாழைகளைக் குப்பையில் சேர்க்காமல், ஆலய மண்டபத்தில் தாய்மார்களுக்கும் தமிழ்ப்பள்ளி மாணவர்களுக்கும் ஒருநாள் பயிற்சி நடத்துங்கள். அடுத்த ஆண்டு விழா அழைப்பிதழில் நூறையாவது அவர்களிடமே விலைகொடுத்து வாங்குங்கள். முதல் வாடிக்கையாளர் நம் ஆலயமாக இருக்கட்டும்.