மலைச்சரிவில் பாரலொறி



நுவரெலியாவிலிருந்து கம்பளைக்கு இறங்கும் பாதையில் இரவு வேளையிற் பிரயாணஞ் செய்தவர்கள் ஓர் ஓசையைக் கேட்டிருப்பார்கள். லபுக்கலைத் தேயிலைத் தோட்டங்களைக் கடந்து, இறம்பொடையை நோக்கி, கோவாவும் கரட்டும் லீக்சும் ஏற்றிய லொறியொன்று இறங்கிக்கொண்டிருக்கும். வண்டியோ ஊர்கிறது, எஞ்சினோ மேட்டில் ஏறுவதுபோல முழங்குகிறது. தானாகவே உருளக்கூடிய இறக்கத்தில் இத்தனை ஆரவாரம் எதற்கென்று பின்னாற் காரில் வருபவர் பொறுமையிழந்து ஹோர்ன் அடிப்பதுமுண்டு. அந்த முழக்கந்தான் லொறிச் சாரதியையும் எதிரே ஏறிவரும் பஸ் வண்டியையும் காத்துக்கொண்டிருக்கிறது. அதன் காரணத்தைச் சற்று ஆராய்வோம்.

நுவரெலியா நகரம் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,868 மீற்றர் உயரத்தில் உள்ளது. கம்பளையை அடைவதற்குள் ஒரு வண்டி 1,300 மீற்றருக்கு மேல் இறங்கிவிடுகிறது. பாரத்துடன் 10 தொன் நிறையுள்ள லொறி 1,000 மீற்றர் இறங்குவதாக வைத்துக்கொள்வோம். அவ்விறக்கத்தில் விடுபடும் சக்தி, ஏறத்தாழ 300 லீற்றர் பச்சைத் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவரப் போதுமானது. இச்சக்தி எங்கேயாவது போய்த்தானே ஆகவேண்டும்? வேகமாக மாறலாம், பிறேக் உருளைகளைச் சூடாக்கலாம், அல்லது எஞ்சின் அதனை வாங்கிக்கொள்ளலாம். இவற்றுள் எது நடைபெறும் என்பதைப் பெரும்பாலும் தீர்மானிப்பது சாரதியின் இடக்கையிலுள்ள கியர்த் தடியாகும்.

முதலில் ஏற்றத்தைப் பார்ப்போம். டீசல் எஞ்சின் எல்லா வேகத்திலும் ஒரேயளவாக இழுப்பதில்லை. குறித்த ஒரு சுழற்சி எல்லைக்குள்ளேதான் அதன் வலு முழுமையாகக் கிடைக்கும். அதற்குக் கீழே விழுந்தால் எஞ்சின் திணறும், கரும்புகை கக்கும். பழைய பாரலொறிகளின் முதலாம் கியரில் எஞ்சின் ஆறு ஏழு சுற்றுச் சுற்றினாற்றான் பின்னே செல்லும் தண்டு ஒரு சுற்றுச் சுற்றும். வேகத்தை விட்டுக்கொடுத்து வலுவைப் பெறும் இந்தப் பண்டமாற்றே கியரின் தொழில்.

பண்டமாற்றுக்கு வேளை பார்க்கவேண்டும். பத்து மீற்றர் தூரத்துக்கு ஒரு மீற்றர் உயரும் பாதையை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் ஏறும்போது கிளச்சை மிதித்துக் கியரை விடுவித்த கணத்திலிருந்து, ஒவ்வொரு செக்கனுக்கும் வண்டி மணிக்கு மூன்றரைக் கிலோமீற்றருக்குக் குறையாத வேகத்தை இழக்கும். மணிக்கு 20 கிலோமீற்றரில் ஏறிக்கொண்டிருந்தவர் இரண்டு செக்கன் தடுமாறினால் 13 கிலோமீற்றருக்கு வந்துவிடுவார். அவர் தேடிய கியர் அந்த வேகத்துக்குப் பொருந்தாது. இன்னும் தாழ்ந்ததைத் தேடவேண்டும். அதற்குள் வண்டி நின்றுவிடும். ஆகையால், எஞ்சின் திணறுமுன்னரே, மேட்டின் அடிவாரத்திலேயே, தாழ்ந்த கியருக்கு மாறிவிடுவது நல்ல சாரதியின் வழக்கம்.

பழைய கியர்ப் பெட்டிகளில் இம்மாற்றம் ஒரு சிறு கலையாகவே இருந்தது. கிளச்சை மிதித்துக் கியரை விடுவிக்கவேண்டும்; கிளச்சை விட்டு அக்சிலேற்றரை அளவாக மிதித்து எஞ்சினை விரைவுபடுத்தவேண்டும்; மறுபடி கிளச்சை மிதித்துத் தாழ்ந்த கியரைப் போடவேண்டும். இரண்டு பற்சக்கரங்களின் வேகமும் ஒத்துவந்தால் தடி வெண்ணெயில் இறங்கும் கத்திபோல இறங்கும். ஒத்துவராவிட்டால் கியர்ப் பெட்டி அலறும். பிற்காலத்துப் பெட்டிகளில் வேகத்தை ஒத்துவரச் செய்யும் வளையங்கள் உள்ளேயே அமைந்திருப்பதால் இவ்வித்தை பலருக்குத் தேவைப்படுவதில்லை. தானே கியர் மாற்றும் பாரவண்டிகளும் வந்துவிட்டன. எனினும், பாதையின் சரிவும் வண்டியின் பாரமும் பெட்டி புதிதென்பதற்காகக் குறைந்துவிடுவதில்லை.

ஏற்றத்திற் பிழைவிட்டவர் பெரும்பாலும் நடுவழியில் நிற்பார். பின்னால் வருவோரின் ஏச்சுக் கிடைக்கும். உதவியாள் இறங்கிச் சில்லுக்குக் கல் வைப்பான். இறக்கத்திற் பிழைவிட்டவருக்கு இத்தகைய சலுகை கிடைப்பது அரிது.

சில ஆண்டுகளுக்கு முன்னர், மரக்கறி லொறியொன்றில், வயது முதிர்ந்த சாரதி ஒருவரின் பக்கத்திலமர்ந்து இப்பாதையில் இறங்கினேன். இறக்கம் தொடங்குமுன்பே, பாதை ஏறக்குறையச் சமமாக இருந்த ஓரிடத்தில், அவர் வண்டியை நன்றாகத் தளர்த்தி இரண்டாம் கியருக்கு மாறினார். "ஏன் ஐயா, பள்ளம் இன்னும் வரவில்லையே?" என்று கேட்டேன். "பள்ளம் வந்த பிறகு கியர் தேடக்கூடாது தம்பி. அப்ப அது கிடைக்காது" என்றார்.

ஏன் கிடைக்காது? முன்சொன்ன அதே சரிவில் கியர் விடுபட்ட வண்டி, செக்கனுக்கு மணிக்கு மூன்று கிலோமீற்றர் வீதம் வேகம் பெறும். 20 கிலோமீற்றரில் இறங்கியவர் ஐந்து செக்கன் தேடிக்கொண்டிருந்தால் 35 கிலோமீற்றரில் ஓடுவார். அவ்வேகத்தில் இரண்டாம் கியர் பொருந்தவேண்டுமானால் எஞ்சின் தன் எல்லையையுங் கடந்து சுழலவேண்டும். அக்சிலேற்றரை எவ்வளவு மிதித்தாலும் அது அந்த வேகத்தை எட்டாது, பற்கள் பொருந்தமாட்டா. உயர்ந்த கியர் ஒருவேளை விழலாம். ஆனால் அது வண்டியைத் தாங்கிப்பிடிக்கப் போதாது. எஞ்சியிருப்பது பிறேக் மாத்திரமே.

அந்தப் பிறேக்கோ சூட்டுக்கு அஞ்சுவது. இடைவிடாது மிதித்துக்கொண்டே இறங்கினால் உருளை காய்ந்து விரியும். உராயும் பட்டையின் பிடிப்புக் குறையும். கருகல் நாற்றம் எழும். எண்ணெயால் இயங்கும் பிறேக்காயின் எண்ணெயே கொதித்து, மிதி கால்போன போக்கிற் கீழே போய்விடும். காற்றினால் இயங்குவதாயின், அடிக்கடி மிதித்து மிதித்துத் தாங்கியிலுள்ள காற்றழுத்தத்தையே தீர்த்துவிடலாம். அச்சாரதி வேறு விதமாகச் செய்தார். எஞ்சின் மிகுதியாக முழங்கத் தொடங்கியதும் பிறேக்கை உறுதியாக மிதித்து, வேகத்தைச் சற்றுக் குறைத்து, முற்றாக விட்டுவிட்டார். உருளைகள் ஆறின. மறுபடி முழங்கியபோது மறுபடி மிதித்தார்.

எஞ்சின் வண்டியைத் தாங்குவதற்கும் ஓரளவுண்டு. டீசல் எஞ்சினில் அழுத்தப்பட்ட காற்று விரியும்போது, வாங்கிய சக்தியிற் பெரும்பங்கைத் திருப்பிக் கொடுத்துவிடும். அக்குறையை ஈடுசெய்யவே, புகைக்குழாயை ஒரு தகட்டினால் மறிக்கும் 'எக்சோஸ்ட் பிறேக்' பொருத்தப்படுகிறது. எஞ்சின் விரைந்து சுழலும்போதுதான் அது நன்கு பிடிக்கும்; ஆகவே அதற்கும் தாழ்ந்த கியரே துணை. ஏறுவதற்கு எந்தக் கியர் வேண்டுமோ அதே கியரில் இறங்கு என்பது பழைய சாரதிகள் பயிற்றும் விதி. வலு மிகுந்த இக்கால எஞ்சின்கள் உயர்ந்த கியரிலேயே ஏறிவிடுவதால், அவ்விதியை நம்பியிராமல் இன்னும் ஒரு படி தாழ்ந்து இறங்குவதே நன்று என்பது என் எண்ணம்.

இங்கே ஒரு தப்பெண்ணத்தைக் குறிப்பிட்டாக வேண்டும். இறக்கத்தில் நியூட்ரலில் விட்டால் டீசல் மிச்சமாகும் என்று நம்புவோர் பலர். அளந்து எரிபொருள் கொடுக்கும் முதலாளியிடம் வேலை செய்பவருக்கு இந்த ஆசை எழுவதில் வியப்பில்லை. உண்மை நேர்மாறானது. கியரில் இருக்கையில் அக்சிலேற்றரிலிருந்து காலை எடுத்தால், சில்லுகளே எஞ்சினைச் சுழற்றுகின்றன. எரிபொருள் உட்செல்வது நின்றுவிடுகிறது. நியூட்ரலிலோ எஞ்சின் தன்னை உயிரோடு வைத்திருக்கவே டீசல் குடிக்கவேண்டும். ஆகவே, ஒரு துளியும் மிச்சமாகாத காரியத்துக்காக வண்டியின் பெரும் பிடிப்பைக் கைவிடுகிறார்கள். விடியுமுன் சந்தைக்கு வந்துசேரவேண்டுமென்று நெருக்குபவர்களுக்கும், அனுமதித்த பாரத்துக்கு மேல் மூடை அடுக்குபவர்களுக்கும் இதிற் பங்குண்டு. விபத்தின் பின்னர் சாரதியின் பெயர் மட்டுமே பேசப்படுகிறது.

புசல்லாவையில் ஒரு தேநீர்க் கடையருகே எங்கள் லொறி நின்றது. தேநீருக்குச் செல்லுமுன் அம்முதியவர் வண்டியைச் சுற்றிவந்து, ஒவ்வொரு சில்லின் அருகிலும் புறங்கையை நீட்டிப் பார்த்தார். மூன்று சில்லுகளில் வெறும் வெதுவெதுப்பு. பின்புற இடது சில்லிற் கை நெருங்கியதும் சட்டென்று எடுத்துக்கொண்டார். "இது மட்டும் தனியாப் பாரம் சுமந்திருக்கு" என்று சொல்லி, உதவியாளிடம் ஸ்பானரையும் டோர்ச்சையும் கேட்டு வாங்கினார். உருளை ஆறுமட்டும் காத்திருந்து, வண்டியின் கீழே படுத்து, அந்தப் பிறேக்கைச் சீர்செய்து முடிய முக்கால் மணித்தியாலம் சென்றது. அதற்குள் எங்களைத் தாண்டி நான்கு லொறிகள் இறங்கிப் போயின. அவற்றுள் ஒன்றின் எஞ்சின் ஓசையே கேட்கவில்லை. அவர் வண்டியின் கீழிருந்து தலையை நீட்டி, அதன் சிவப்பு விளக்கு வளைவில் மறையும்வரை பார்த்துக்கொண்டேயிருந்தார்.