காசுக்கேற்ற தூரம்

(தலைப்பு: ஊர் விட்டு ஊர் போக ஏற்றது சொகுசுப் பேருந்தா? சாதாப் பேருந்தா? – ‘சாதாப் பேருந்தே’ அணியின் இரண்டாவது பேச்சு)

எனக்கு முன்னாலே பேசி, இந்த அரங்கத்திலே பாதிப் பேரைத் தூங்க வச்ச எதிரணி நண்பர் அவர்களே! (சிரிப்பு) தப்பா எடுத்துக்காதீங்க. படுக்கை பஸ்ஸைப் பத்தியே அரைமணி நேரம் பேசினா தூக்கம் வரத்தானே செய்யும்?

எதிரணித் தலைவர் என்ன சொன்னார்? “ஏறினேன், படுத்தேன், போர்வையை இழுத்தேன், கண்ணைத் திறந்தா கிளாம்பாக்கம்” என்றார். ஐயா, சரிதான். 2023 டிசம்பர் 30-ஆம் தேதி அந்தப் பேருந்து நிலையத்தைத் திறந்தாங்க. கண்ணைத் திறந்தா கிளாம்பாக்கம். அப்புறம் என்ன பண்ணுவீங்க? அங்கேயிருந்து மயிலாப்பூருக்கோ பெரம்பூருக்கோ போக, எங்க அணி பஸ்ஸிலேதானே ஏறணும்? (கைதட்டல்) போர்வையை அங்கேயே விட்டுட்டு வாங்கய்யா, இங்கே கம்பியைப் பிடிக்கக் கை வேணும்!

சாதா பஸ்ஸிலே இடம் பிடிக்கிறதே ஒரு கலை. பஸ் நிலையத்துக்குள்ளே வண்டி திரும்பும்போதே ஜன்னல் வழியா ஒரு துண்டு பறக்கும். துண்டு இல்லையா, பை. பை இல்லையா, பிள்ளையையே தூக்கி உள்ளே போட்டுடுவாங்க! (சிரிப்பு) அந்தத் துண்டுக்கு இருக்கிற மரியாதை, பத்திர ஆபீஸிலே பதிஞ்ச பத்திரத்துக்குக் கூடக் கிடையாது. பத்திரம் போட்ட இடத்தை ஆக்கிரமிக்கிறான். துண்டு போட்ட இடத்திலே எவனும் உட்காரமாட்டான். உட்கார்ந்தாலும், “ஆள் வருது” என்று பக்கத்திலே இருக்கிறவர் சொல்வார். ஆள் யாருன்னு அவருக்கும் தெரியாது!

அப்புறம் மீதிச் சில்லறை. கண்டக்டர் டிக்கெட்டுக்குப் பின்னாலே ஒரு எண்ணை எழுதிக் கொடுத்துட்டுப் போயிடுவார். அந்த எட்டு ரூபாய் கைக்கு வருகிற வரைக்கும் நமக்குத் தூக்கம் வருமா? விசில் சத்தம் கேட்கிற பக்கமெல்லாம் கழுத்து திரும்பும். எதிரணி நண்பர் சொகுசு பஸ்ஸிலே தூங்கினேன் என்கிறாரே, அவருக்கு மீதி வரவேண்டியதில்லை ஐயா. இணையத்திலேயே மொத்தமாக் கொடுத்துட்டாரு!

மதுரையிலேயிருந்து தெற்கே போகிற சாதா பஸ்ஸிலே வந்து பாருங்க. திருமங்கலத்திலே ஒரு ஆள் ஏறுவார், விருதுநகரிலே நாலு பேர் இறங்குவாங்க. சாத்தூர் வந்தா ஜன்னல் பக்கம் வெள்ளரிப் பிஞ்சும் காராச்சேவும் வரும். கோவில்பட்டியிலே கடலைமிட்டாய். 2020-லே அதுக்குப் புவிசார் குறியீடே கொடுத்துட்டாங்க. எங்க ஜன்னலுக்கு அது எத்தனையோ வருஷம் முன்னாலேயே வந்தாச்சு. எதிரணி பஸ்ஸிலே ஜன்னலைத் திறக்க முடியுமா ஐயா? ஏ.சி. வண்டி. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் வெள்ளரிக்காய்க்காரம்மா வாயசைக்கிறது மட்டும் தெரியும். ஊமைப்படம்! (கைதட்டல்)

நடுவர் ஐயா, சிரிச்சது போதும். இப்போ காசைப் பத்திப் பேசறேன்.

2011 நவம்பரிலே அரசுப் பேருந்துக் கட்டணத்தை ஏத்தினாங்க. சாதாரணப் புறநகர் பஸ்ஸுக்குக் கிலோமீட்டருக்கு 28 காசு இருந்தது, 42 காசு ஆச்சு. 2018 ஜனவரியிலே அது 60 காசு ஆச்சு. மாணவர்கள் தெருவுக்கு வந்தாங்க. அந்த மாசக் கடைசியிலே 58 காசாக் குறைச்சாங்க. எதிரணி நண்பர் கேட்கலாம், “42-க்கும் 58-க்கும் 16 காசுதானேம்மா வித்தியாசம்?” 16 காசுதான். விருதுநகரிலேயிருந்து மதுரைக்கு ஐம்பது கிலோமீட்டர்னு வச்சுக்குங்க. ஜவுளிக்கடையிலே துணி மடிச்சுக் கொடுக்கிற பொண்ணு தினமும் போய் வருது. போக எட்டு ரூபாய், வர எட்டு ரூபாய், பதினாறு. மாசம் இருபத்தஞ்சு நாள் வேலைன்னா 400 ரூபாய். கூடுதல் மட்டும் ஐயா, மொத்தம் இல்லை! அந்தப் பொண்ணுகிட்டே போய், “சொகுசு பஸ்ஸிலே வாம்மா, செல்போனுக்குச் சார்ஜ் போட்டுக்கலாம்” என்று சொல்ல உங்களுக்கு மனசு வருமா?

என் கதை ஒண்ணு சொல்லணும். மேடையிலே சொல்லக்கூடாதுன்னுதான் நினைச்சிருந்தேன்.

எங்க ஊர் சாத்தூருக்குப் பக்கத்திலே. அப்பா தீப்பெட்டி ஆபீஸிலே கூலி. 1986-லே எனக்கு மதுரையிலே ஒரு கல்லூரியிலே இடம் கிடைச்சது. அப்பாவும் நானும் போனோம். அப்போ பஸ்ஸுக்கெல்லாம் பாண்டியன், சேரன், சோழன், கட்டபொம்மன் என்று பேர். எங்க ஊரிலே “பாண்டியன் வந்துட்டானா?” என்று கேட்டா ராஜாவைக் கேட்கிறதா அர்த்தமில்லை, ஏழரை மணி வண்டியைக் கேட்கிறாங்க. 1997-லே அந்தப் பேரையெல்லாம் எடுத்தாச்சு, அது தனிக் கதை.

கல்லூரியிலே அவங்க கடிதத்திலே எழுதியிருந்த தொகைக்கு மேலே இன்னும் ஏதோ ஒரு கட்டணம் கேட்டாங்க. அப்பா மடியை அவிழ்த்தார், எண்ணினார், கொடுத்தார். மறுபடி முடிஞ்சுக்கிட்டார். மத்தியானம் எனக்கு மட்டும் ரெண்டு இட்லி. “எனக்குப் பசிக்கலை தாயி” என்றார். அப்பன்மார்களுக்கு எப்பவுமே பசிக்காது ஐயா.

சாயந்திரம் பஸ் ஏறினோம். கண்டக்டர் வந்தார். அப்பா சில்லறையை அவர் கையிலே வச்சு, “ஒரு சாத்தூர், ஒரு விருதுநகர்” என்றார். நான் அப்பா முகத்தைப் பார்த்தேன். “விருதுநகரிலே ஒரு ஆளைப் பார்க்கணும் தாயி, நீ போ, அம்மாகிட்டே சொல்லு, வந்துடறேன்” என்றார். நம்பினேன். விருதுநகரிலே இறங்கி, ஜன்னல் பக்கம் வந்து, என் சர்டிபிகேட் பையைக் காட்டி, “மடியிலே வச்சுக்கோ, கீழே வைக்காதே” என்றார். வண்டி கிளம்பிடுச்சு.

ராத்திரி ஒரு மணிக்கு மேலே வந்தார். முழங்கால் வரைக்கும் புழுதி. விருதுநகரிலேயிருந்து சாத்தூர் இருபத்தஞ்சு கிலோமீட்டர். அதுக்கப்புறம் எங்க ஊர். அம்மா வெந்நீர் வச்சுக் காலிலே ஊத்தினது மட்டும்தான் எனக்குத் தெரியும். பார்க்க வேண்டிய ஆள் எவனும் அங்கே கிடையாதுன்னு புரிய எனக்கு ரெண்டு வருஷம் ஆச்சு.

(அரங்கில் அமைதி)

எதுக்குச் சொல்றேன்? அந்த பஸ்ஸிலே, இருக்கிற காசுக்கு எவ்வளவு தூரமோ அவ்வளவு தூரம் டிக்கெட் கொடுத்தாங்க ஐயா. ஸ்டேஜ் கணக்கு. ஒரு ஸ்டேஜுக்குக் காசிருந்தா ஒரு ஸ்டேஜ். ஐம்பது கிலோமீட்டர் பஸ் சுமந்தது, மீதியை எங்கப்பா காலு சுமந்தது. சொகுசு பஸ்ஸிலே போய், “பாதி தூரத்துக்குத்தான் காசிருக்கு, பாதியிலே இறங்கிக்கறேன்” என்று கேட்டுப் பாருங்க. மெட்ராஸ் போனாலும் திருச்சியிலே இறங்கினாலும் ஒரே விலை என்பான். தீபாவளிக்கு முந்தின நாள்னா அந்த ஒரே விலையும் மூணு மடங்கு!

அதுக்காக எங்க பஸ்ஸிலே குறையே இல்லைன்னு சொல்ல வரலை. நான் பொம்பளை; எனக்குத் தெரியும். ராத்திரி பஸ் ஏறணும்னா மத்தியானத்திலேயிருந்து தண்ணி குடிக்கமாட்டோம். ஏன்னு இங்கே இருக்கிற ஆம்பளைங்க வீட்டிலே போய்க் கேளுங்க. வழியிலே ஒரு ஓட்டல்லே நிறுத்துவாங்க. பாட்டு காதைக் கிழிக்கும், தோசை யானை விலை, டிரைவருக்கும் கண்டக்டருக்கும் உள்ளே தனி உபசாரம். பின்னாலே இருக்கிற கழிப்பறைக்குக் கதவிருந்தா தாழ்ப்பாள் இருக்காது. ஒருத்தி உள்ளே போனா இன்னொருத்தி வெளியே நின்னு கதவைப் பிடிச்சுக்கணும். முன்பின் தெரியாதவதான், “நீ போ அக்கா, நான் நிக்கிறேன்” என்பா. எதிரணி நண்பர் இந்தக் குறையைச் சொல்லி எங்களை மடக்குவார்னு காத்திருந்தேன். அவர் மெத்தையைப் பத்தியே பேசிட்டுப் போயிட்டார்! (சிரிப்பு) அங்கே ஒரு தாழ்ப்பாளும் விளக்கும் தண்ணியும் வைக்கச் சொல்லுங்க ஐயா. அதுக்காக டிக்கெட் விலையை ஏத்த வேண்டாம்.

நடுவர் ஐயா மணியைத் தொடறார். முடிச்சுடறேன்.

நான் வேலைக்குப் போய், நாலு காசு பார்த்து, அப்பாவை மெட்ராஸுக்குக் கூட்டிட்டு வரணும்னு ஆசைப்பட்டேன். சாதா பஸ்ஸிலே இல்லை ஐயா, உண்மையைச் சொல்றேன், எதிரணி பஸ்ஸிலேதான் போட்டேன். படுக்கை, போர்வை, தண்ணி பாட்டில். அப்பாவுக்கு எண்பது வயசு. படுத்தார், மறுபடி எழுந்து உட்கார்ந்தார். திரைச்சீலையை விலக்கி வெளியே பார்த்துக்கிட்டே இருந்தார். “தூங்குங்கப்பா” என்றேன். “விருதுநகர் வரட்டும் தாயி, பார்த்துட்டுத் தூங்கறேன்” என்றார்.

அந்த பஸ் நாற்கரச் சாலையிலேயே போயிடுச்சு ஐயா. விருதுநகருக்குள்ளே போகவே இல்லை.



(நீண்ட கைதட்டல்)