சொன்ன பேச்சைக் கேட்காத மரப்பிள்ளை



பினோக்கியோ என்றதும் பெரும்பாலானவர்களுக்கு நினைவுக்கு வருவது பொய் சொன்னால் நீளும் மூக்கு. அடுத்து, மஞ்சள் தொப்பி போட்ட ஒரு சிரித்த முகம். அந்த முகம் 1940இல் வால்ட் டிஸ்னி நிறுவனம் எடுத்த படத்தில் வந்தது. கதை அதைவிட மூத்தது, அதைவிடக் கடுமையானதும்கூட.

1881ஆம் ஆண்டு ரோம் நகரிலிருந்து சிறுவர்களுக்கென்று ஒரு வாரப் பத்திரிகை வெளிவரத் தொடங்கியது. அதில் ஒரு மரப்பொம்மையின் கதை தொடராக வந்தது. பதினைந்தாவது அத்தியாயத்தில் நரியும் பூனையும் கொள்ளைக்காரர்களாக வேடம் போட்டுப் பொம்மையைத் துரத்திப் பிடித்து, அதன் வாய்க்குள் இருக்கும் பொற்காசுகளுக்காக ஒரு பெரிய கருவாலி மரத்தில் தூக்கிலிடுகின்றன. பொம்மை தன் அப்பாவை நினைத்தபடியே அடங்கிப்போகிறது. தொடர் அங்கே முடிந்தது. ஆம், குழந்தைகளுக்கான கதைதான்! வாசகர்கள் விடவில்லை. மறு ஆண்டு, நீலக் கூந்தல் கொண்ட தேவதை பொம்மையை மரத்திலிருந்து இறக்கிக் காப்பாற்ற, கதை மீண்டும் நடக்கத் தொடங்கியது. 1883இல் முப்பத்தாறு அத்தியாயங்களோடு புத்தகமானது.

எழுதியவர் கார்லோ லொரென்சினி. பிளாரன்ஸ் நகரத்துக்காரர். தாயாரின் ஊர்ப் பெயரான கொலோடியைப் புனைபெயராக வைத்துக்கொண்டவர். இத்தாலிய விடுதலைப் போர்களில் இரண்டு முறை தொண்டராகப் போய்ச் சேர்ந்தவர். 1848இல் அவர் தொடங்கிய நையாண்டிப் பத்திரிகையை ஆட்சியாளர்கள் மூடிவிட்டார்கள். இத்தாலி ஒரே நாடானது 1861இல். மக்களில் பெரும்பாலோருக்கு அப்போது எழுதப் படிக்கத் தெரியாது. 1877இல் கட்டாயக் கல்விச் சட்டம் வந்தது. கொலோடி அந்த நாளில் பள்ளிப் பாடப்புத்தகங்களும் எழுதிக்கொண்டிருந்தார்.

அதனால் அவருடைய கதை பிள்ளைகளிடம் கேட்பதும் நமக்குப் பழக்கமான ஒன்றுதான். பள்ளிக்கூடம் போ, சொன்ன பேச்சைக் கேள், வேலை செய். கேட்காவிட்டால் கழுதையாகிவிடுவாய். நம் ஊரில் அடியாத மாடு படியாது என்பார்களே, ஏறக்குறைய அந்தக் கணக்குதான். புத்தகத்தில் இது நிஜமாகவே நடக்கிறது. விளையாட்டு நாட்டுக்கு ஓடிப்போன பையன்கள் காது நீண்டு, வால் முளைத்து, கழுதைகளாகி, சந்தையில் விற்கப்படுகிறார்கள். பினோக்கியோவின் உற்ற நண்பன் உழைத்து உழைத்துக் கழுதையாகவே சாகிறான்.

ஆனால் படிக்கும்போது ஒன்று தெரியும். அறிவுரை சொல்லும் பக்கங்களைவிட, அறிவுரையை மீறும் பக்கங்களில்தான் கொலோடியின் பேனா துள்ளுகிறது. நான்காவது அத்தியாயத்தில் பேசும் சுவர்க்கோழி ஒன்று நல்லது சொல்ல வருகிறது. பினோக்கியோ மரச்சுத்தியலை எடுத்து வீசுகிறான். சுவர்க்கோழி சுவரோடு சுவராக நசுங்கிச் செத்துப்போகிறது. டிஸ்னி இதே சுவர்க்கோழிக்குக் கோட்டும் தொப்பியும் மாட்டி, பாட்டுப் பாட வைத்து, பையனின் மனச்சாட்சியாக்கிவிட்டது. டிஸ்னி படம் அழகானது. நான் அதைக் குறை சொல்ல வரவில்லை. அதோடு போட்டி போட வந்த படங்கள் பல. இத்தாலிய நடிகர் ரொபெர்த்தோ பெனினி 2002இல் தானே பினோக்கியோவாக நடித்தார். 2019இல் மத்தேயோ கரோனே எடுத்த படத்தில் பெனினியே பொம்மையைச் செதுக்கும் தச்சர் ஜெப்பெட்டோ. 2022 செப்டம்பரில் டிஸ்னியே டாம் ஹாங்க்ஸை வைத்துப் பழைய படத்தை மறுபடி எடுத்தது.

அதே 2022இன் கடைசியில் வந்த படத்தைப் பற்றித்தான் இன்று பேசப்போகிறேன். மெக்சிகோவைச் சேர்ந்த கியெர்மோ டெல் டோரோ, மார்க் கஸ்டாஃப்சன் என்பவரோடு சேர்ந்து இயக்கிய 'பினோக்கியோ'. ஸ்டாப் மோஷன் முறையில் எடுத்த பொம்மைப் படம். பல ஆண்டுகள் ஸ்டுடியோ ஸ்டுடியோவாக ஏறி இறங்கியும் யாரும் பணம் போடவில்லை. 2018இல் நெட்ஃபிளிக்ஸ் கைகொடுத்தது. 2023இல் சிறந்த அனிமேஷன் படத்துக்கான ஆஸ்கர் விருது கிடைத்தது.

டெல் டோரோ கதையைக் காலத்தில் நகர்த்தினார். கொலோடியின் இத்தாலி அல்ல, 1930களின் இத்தாலி. முசோலினியின் இத்தாலி. படம் முழுவதையும் தாங்குவது இந்த ஒரு மாற்றம்தான். பாசிச ஆட்சியில் சொன்ன பேச்சைக் கேட்பது என்றால் என்ன? 1926இல் அங்கே சிறுவர்களுக்கென்று அரசே ஓர் அமைப்பைத் தொடங்கியது. பலில்லா என்று பெயர். சீருடை, அணிவகுப்பு, கையில் சிறுவர்களுக்கேற்ற துப்பாக்கி. ஊர் மக்கள் தேர்ந்தெடுத்த நகரத் தலைவர்களை அகற்றிவிட்டு, பொதெஸ்தா என்ற பதவியில் அரசே ஆள் வைத்தது. அப்படி ஒரு பொதெஸ்தா இந்தப் படத்தில் வருகிறார். அவருக்கு ஒரு மகன். அப்பா சொல்வதை அட்சரம் பிசகாமல் செய்கிற மகன். கொலோடியின் புத்தகத்தில் இவன் இடத்தில் இருக்கும் நண்பன்தான் பினோக்கியோவை விளையாட்டு நாட்டுக்கு இழுத்துக்கொண்டு போகும் போக்கிரி. இங்கே அவனே ஊரின் நல்ல பிள்ளை. நல்ல பிள்ளையாக இருப்பதற்காகவே சாவை நோக்கி நடத்திச் செல்லப்படுகிற பிள்ளை.

விளையாட்டு நாடு இருக்கவேண்டிய இடத்தில் படத்தில் இருப்பது ராணுவப் பயிற்சி முகாம். பையன்கள் கழுதையாவதில்லை, சிப்பாயாகிறார்கள். சாயத் தோட்டாக்களை வைத்து ஒரு போட்டி நடக்கிறது. பினோக்கியோவின் அணியும் அந்த மகனின் அணியும் மோதுகின்றன. இரண்டு பையன்களும் கோபுரத்தின் உச்சியில் ஒன்றாகக் கொடியை நட்டுவிட்டு, இரண்டு பேரும் ஜெயித்தோம் என்று குதிக்கிறார்கள். பொதெஸ்தாவுக்கு அது பொறுக்கவில்லை. மகன் கையில் நிஜத் துப்பாக்கியைக் கொடுத்து, பொம்மையைச் சுடு என்கிறார். அந்தப் பையன் வாழ்நாளில் முதல்முறையாக அப்பாவுக்கு முடியாது என்கிறான். இப்படி ஒரு காட்சியைக் குழந்தைகள் படத்தில் நான் பார்த்ததில்லை.

இதற்கு நேர் எதிரான வேடிக்கையும் உண்டு. வோல்பே என்ற சர்க்கஸ் முதலாளி முசோலினிக்கு முன்னால் பினோக்கியோவை ஆடவைக்கிறான். குட்டையாக, கேலிச்சித்திரம் போல வந்து உட்காருகிறார் முசோலினி. பினோக்கியோ தேசபக்திப் பாட்டின் வரிகளை மாற்றி, பிள்ளைகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிற கழிப்பறைப் பாட்டாக்கிப் பாடுகிறான். சர்வாதிகாரிக்கு முன்னால் ஒரு குழந்தையிடம் வேறு என்ன ஆயுதம் இருக்கும்? பாட்டு முடிந்ததும், சுடு என்று உத்தரவு வருகிறது. சுடுகிறார்கள்.

சுட்டால் பினோக்கியோ செத்துவிடுவானா? செத்துப்போவான், ஆனால் திரும்பி வருவான். இது கொலோடியிடம் இல்லாத புதுக் கற்பனை. ஒவ்வொரு முறை சாகும்போதும் அவன் பாதாளத்துக்குப் போகிறான். அங்கே சீட்டாடும் கறுப்பு முயல்கள் சவப்பெட்டியைச் சுமக்கின்றன. மரணதேவதை ஒரு மணற்கடிகாரத்தைத் திருப்பி வைக்கிறாள். மணல் தீர்ந்தால் திரும்பிப் போகலாம். ஆனால் ஒவ்வொரு முறையும் மணல் கூடுகிறது, காத்திருப்பு நீள்கிறது. அவனுக்குச் சாவில்லை என்று தெரிந்த பொதெஸ்தா கைகொட்டாத குறை. இதைவிட நல்ல சிப்பாய் எங்கே கிடைப்பான்! சாகாத பிள்ளையைப் பார்த்ததும் ஒருவருக்குப் போர்முனை ஞாபகம் வருகிறது, வோல்பேக்கு வசூல் ஞாபகம் வருகிறது. அப்பாவுக்கோ செத்துப்போன மகனின் ஞாபகம்.

அந்த அப்பாவைப் பற்றிச் சொல்லவேண்டும். புத்தகத்தில் ஜெப்பெட்டோ, பொம்மையை வைத்து ஊர் ஊராகப் போய்ப் பிழைக்கலாம் என்று நினைக்கிற ஏழைக் கிழவர். படத்தில் அவருக்குக் கார்லோ என்று ஒரு மகன் இருந்தான். முதல் உலகப் போரின்போது, வீடு திரும்பும் விமானம் ஒன்று பாரத்தைக் குறைக்க வீசிய குண்டு தேவாலயத்தின் மேல் விழுந்தது. பையன் உள்ளே இருந்தான். கையில் வைத்திருந்த பைன் கூம்பு ஒன்றை எடுக்கத் திரும்பி ஓடியிருந்தான். அந்தக் கூம்பை மகனின் சமாதிக்குப் பக்கத்தில் நட்டார், அது மரமானது. பல வருடம் குடித்துக்கொண்டே கிடந்த ஜெப்பெட்டோ ஒரு மழை இரவில் ஆத்திரத்தோடு அந்த மரத்தை வெட்டுகிறார். போதையில் அரைகுறையாகச் செதுக்குகிறார். அதனால்தான் இந்தப் பினோக்கியோவுக்கு ஒரே ஒரு காது. ஆணிகள் துருத்திக்கொண்டு நிற்கின்றன. உடையும் கிடையாது, சாயப்பூச்சும் கிடையாது.

வானொலி நேயர்கள் கவனிக்கவேண்டிய ஒரு விஷயம். ஆங்கிலப் பதிப்பில் செத்துப்போன கார்லோவுக்கும் பொம்மைக்கும் குரல் கொடுத்தவன் ஒரே சிறுவன், கிரெகரி மான். வீட்டுக்குள் அந்தக் குரல் மறுபடி கேட்கிறது. ஆனால் இது அவன் இல்லை. கார்லோ போல இரு, கார்லோ போலச் செய் என்று அப்பா சொல்லிக்கொண்டே இருக்கிறார். பொதெஸ்தா தன் மகனிடம் கேட்பதும் இதுதான், இன்னொரு ஆளாக மாறு என்று. ஒருவர் அன்பினால் கேட்கிறார், மற்றவர் அதிகாரத்தால் கேட்கிறார். பிள்ளையின் முதுகில் பாரம் ஒன்றுதான்.

தேவாலயத்தில் ஒரு காட்சி. ஜெப்பெட்டோ செதுக்கிய பெரிய சிலுவை அங்கே தொங்குகிறது. பினோக்கியோ அதை நிமிர்ந்து பார்த்து, அவரும் மரம்தானே, எல்லாரும் அவருக்குப் பாட்டுப் பாடுகிறார்கள், என்னைக் கண்டால் மட்டும் ஏன் பிடிக்கவில்லை என்று கேட்கிறான். பாதிரியார் கேட்டிருந்தால் தடுமாறியிருப்பார்.

படம் எடுத்த விதத்தையும் கொஞ்சம் சொல்கிறேன். ஒரு நொடிப் படத்துக்கு இருபத்து நான்கு பிரேம்கள். பொம்மையின் கையை நூலளவு அசைத்து ஒரு படம், இன்னும் நூலளவு அசைத்து இன்னொரு படம். ஏறத்தாழ ஆயிரம் நாள் படப்பிடிப்பு. அமெரிக்காவில் போர்ட்லாண்ட் நகரத்தில் பெரும்பகுதி, டெல் டோரோ பிறந்த குவாதலஹாராவில் ஒரு பகுதி. முக்கியமான பொம்மைகளைச் செய்தது இங்கிலாந்தின் மான்செஸ்டருக்கு அருகில் உள்ள ஒரு பட்டறை. மனிதப் பாத்திரங்களுக்குச் சிலிகோன் தோலுக்கு உள்ளே நுண்ணிய இயந்திரங்கள். பினோக்கியோவுக்கு மட்டும் அப்படி இல்லை. அவன் மரம் அல்லவா, தசை இழுபடக் கூடாது. ஒவ்வொரு பாவத்துக்கும் ஒரு கெட்டி முகத்தை அச்சிட்டு, கழற்றிக் கழற்றி மாட்டியிருக்கிறார்கள். பொம்மைகள் தடுக்கி விழவேண்டும், தயங்கவேண்டும், மூக்கைச் சொறியவேண்டும் என்று இயக்குநர் அனிமேட்டர்களிடம் கேட்டுக்கொண்டாராம். கணினிப் படங்களில் அலுத்துப்போன கண்ணுக்கு அந்தத் தடுமாற்றம் பெரிய ஆறுதல். அலெக்சாந்தர் தெஸ்ப்ளாவின் பின்னணி இசையிலும் ஒரு பிடிவாதம் உண்டு. மரக் கருவிகள் மட்டும்தான். கண்ணை மூடிக்கொண்டு கேட்டாலும் இது மரப்பிள்ளையின் கதை என்று தெரியும்.

குறை இல்லாமல் இல்லை. பாடல்கள் சில மனதில் நிற்கவில்லை. வேகமாகப் போய்க்கொண்டிருக்கும் கதையை நிறுத்தி ஒரு பாட்டு வரும்போது, இந்தப் படத்தில் வரும் சுவர்க்கோழியைப் போல நமக்கும் கொஞ்சம் எரிச்சல் வருகிறது. பாவம், அது பாட வாயெடுக்கும்போதெல்லாம் யாராவது மிதித்துவிடுவார்கள். இன்னொன்று, கழுதைக் காட்சியை எடுத்துவிட்டது எனக்கு நஷ்டமாகவே தெரிகிறது. ராணுவ முகாம் வலுவான மாற்றுதான். ஆனாலும் சொந்தக் காது நீள்வதைக் கையால் தடவிப் பார்த்து அலறும் பையனின் பயத்துக்கு அது ஈடாகாது. புத்தகத்தின் சம்பவங்களை அப்படியே பார்க்கவேண்டும் என்றால் கரோனேயின் படத்தைப் பாருங்கள். அது ஏறக்குறைய வரிக்கு வரி புத்தகத்தோடு போகிறது. ஆனால் கொலோடி எழுப்பிய கேள்வியை, ஒரு பிள்ளை ஏன் கீழ்ப்படியவேண்டும் என்ற கேள்வியை, திரும்ப எடுத்து உரசிப் பார்த்தது கதையை மாற்றிய டெல் டோரோதான்.

மூக்கையே எடுத்துக்கொள்ளுங்கள். இந்தப் படத்தில் ஒரு கடல் மிருகத்தின் வயிற்றுக்குள் எல்லாரும் மாட்டிக்கொள்கிறார்கள். வெளியேறும் துவாரமோ உயரத்தில். அப்போது அப்பாவே பிள்ளையிடம், பொய் சொல்லு என்கிறார். பினோக்கியோ பொய்யாகச் சொல்லித் தள்ளுகிறான். மூக்கு கிளைவிட்டுப் பாலமாக நீள்கிறது. அதன் மேல் ஏறித் தப்புகிறார்கள். பாடப்புத்தகம் எழுதிய கொலோடி ஒப்புக்கொண்டிருப்பாரா தெரியாது. பத்திரிகை மூடப்பட்ட கொலோடி சிரித்திருப்பார்.

கடைசியாக ஒரு விஷயம். கதை முழுக்கத் தெரிந்துவிடக் கூடாது என்பவர்கள் ஒரு நிமிடம் ஒலியைக் குறைத்துக்கொள்ளலாம்.

புத்தகத்தின் முடிவில் பினோக்கியோ உழைத்து, அப்பாவைக் காப்பாற்றி, ஒரு காலையில் ரத்தமும் சதையுமான பையனாகக் கண்விழிக்கிறான். அறையின் மூலையில் அவனுடைய பழைய மர உடம்பு நாற்காலியில் சாய்ந்து தலை தொங்கிக் கிடக்கிறது. அதைப் பார்த்து, பொம்மையாக இருந்தபோது எவ்வளவு அசட்டுத்தனமாக இருந்தேன் என்று நினைக்கிறான். எனக்கு அந்த இடம் எப்போதும் உறுத்தும். நாம் இவ்வளவு நேரம் கூடவே ஓடிவந்தது அந்த நாற்காலியில் கிடப்பவனோடுதானே? இந்தப் பாடம் படித்த பையனை நமக்கு யாரென்றே தெரியாதே!

டெல் டோரோவின் படத்தில் பினோக்கியோ கடைசிவரை மரம்தான். அப்பாவைக் கடலிலிருந்து காப்பாற்ற, மணல் தீரும்வரை காத்திராமல் கடிகாரத்தை உடைத்து, தன் சாகாவரத்தை இழந்து திரும்பி வருகிறான். அதற்குப் பிறகுதான் ஜெப்பெட்டோ அவனைக் கார்லோவாக அல்லாமல் பினோக்கியோவாகவே ஏற்கிறார். மாறவேண்டியிருந்தது அப்பா.

சிறு குழந்தைகளுக்கு இந்தப் படம் கொஞ்சம் பாரமாக இருக்கும். துப்பாக்கி வருகிறது, குண்டு வருகிறது, அன்பானவர்கள் ஒவ்வொருவராகப் போகிறார்கள். பத்து வயதுக்கு மேல் என்றால் தாராளமாகக் காட்டலாம். தனியே விட்டுவிடாமல் நீங்களும் கூட உட்காருங்கள். நடுவில் கேள்வி கேட்பார்கள். பதில் தெரியாவிட்டால் பரவாயில்லை, படத்தை நிறுத்திவிட்டுப் பேசுங்கள்.