சீட்டைத் தொலைத்தால் சாட்சி போச்சு!

நான் கேமரன் மலை, கம்போங் ராஜாவிலிருந்து வருகிறேன். என் அம்மா ஒரு தோட்டத்தில் கொழுந்து பறித்தவர். ஒருநாள் நிறுவை ஏட்டிலிருந்து செக்ரோலில் ஏற்றும்போது, கிராணி 32 கிலோவை 23 என்று எழுதிவிட்டார். நல்லவேளை, நிறுவை ஏடு பத்திரமாக இருந்தது. அம்மாவின் சம்பளம் தப்பியது!

ஐயா, எங்கள் மலைச் செடிகள் கெப்போங்கிலும் சிங்கப்பூரிலும் உள்ள தாவரக் காப்பகங்களில், உலர்த்தித் தாளில் ஒட்டப்பட்டு இருக்கின்றன. ஒவ்வொரு தாளிலும் ஒரு சீட்டு. எங்கே, எப்போது, யார் எடுத்தது என்று அது சொல்லும்.

இப்படிப்பட்ட சீட்டுகளைக் கணினியில் ஏற்றும்போதுதான் ஆபத்து. சீட்டில் '5000 அடி' என்றிருக்கும். கணினி 1524 மீட்டர் என்று காட்டும். குத்துமதிப்பாகச் சொன்னது, அளந்து சொன்னதாகிவிடும்! '3.4.30' என்றால் ஏப்ரல் 3-ஆ, மார்ச் 4-ஆ?

ஆகவே, முதலில் திட்டம் போடுங்கள். சீட்டில் உள்ளதை உள்ளபடி ஒரு கட்டத்தில் ஏற்றுங்கள். நம் விளக்கத்தைப் பக்கத்துக் கட்டத்தில் எழுதுங்கள். 2009-இல் ஏற்கப்பட்ட 'டார்வின் கோர்' தரநிலையிலேயே இதற்குத் தனிக் கட்டங்கள் உண்டு. முதலில் 100 தாள்களை ஏற்றி, அசலோடு ஒப்பிட்டுப் பாருங்கள். பிறகு மற்றதைத் தொடுங்கள்.

அன்று காடாக இருந்த பல இடங்கள் இன்று காய்கறித் தோட்டங்கள். செடியைத் தேடிப் போனால் அங்கே முட்டைக்கோஸ்தான் இருக்கும்! (கைதட்டல்) மிச்சமிருக்கும் சாட்சி அந்தச் சீட்டு ஒன்றுதான். அம்மாவுக்குக் கிடைத்த நியாயம், வாயில்லாத அந்தச் செடிக்கும் கிடைக்க வேண்டும்.