சிறுவரும் இரண்டாம் மொழியும்

வவுனியா நகரிலிருந்து தெற்கே சிறிது தூரஞ் சென்றால் சிங்களம் பேசுங் கிராமங்களை அடைகின்றோம். வடக்கே மாங்குளம், கிளிநொச்சி எனவும், வடகிழக்கே முல்லைத்தீவு எனவும் தமிழூர்கள் தொடர்கின்றன. வேலிக்கு இப்புறம் ஒரு மொழியும் அப்புறம் மற்றொரு மொழியும் வழங்கும் இம்மண்ணிலே, தமிழ்ப் பிள்ளைக்குச் சிங்களத்தையும் சிங்களப் பிள்ளைக்குத் தமிழையும் எவ்வாறு கற்பிப்பது என்பது வாழ்க்கையோடு ஒட்டிய வினாவாகும்.

'அம்மொழியை என் பிள்ளை ஏன் படிக்க வேண்டும்?' என்று கேட்கும் பெற்றோர் நம்மிடையே உளர். அவர்தம் மனக்கசப்புக்குக் காரணம் இல்லாமல் இல்லை. 1956 ஆம் ஆண்டுச் சட்டம் சிங்களம் ஒன்றையே அரசகரும மொழியாக்கியது. 1987 ஆம் ஆண்டு அரசியலமைப்பின் பதின்மூன்றாந் திருத்தம் தமிழும் அரசகரும மொழியாகும் என்றது. எனினும், படிக்கத் தெரியாத மொழியில் வந்த கடிதத்தைக் கையிலே பிடித்துக்கொண்டு, விளக்கஞ் சொல்வாரைத் தேடி அலைந்தவர் அந்த நாளை எளிதில் மறப்பாரோ? ஆயினும் அது சட்டமும் ஆட்சியும் செய்த பிழை. மொழி செய்த பிழையன்று. இதனைப் பிள்ளைக்கு உணர்த்துவதே முதற் பாடம்.

இவ்விடத்திலே பஞ்சாபின் கதை நமக்குப் பயன்படும். 1949 ஆம் ஆண்டிலே அங்கு சச்சார் திட்டம் என்றொரு திட்டம் வகுக்கப்பட்டது. பிள்ளை தன் தாய்மொழியிலே கல்வி தொடங்கும். ஆரம்பப் பள்ளியின் இறுதி வகுப்பிலிருந்து பஞ்சாபி மாணவன் இந்தியையும், இந்தி மாணவன் பஞ்சாபியையும் பயில்வான். எத்துணைச் செம்மையான ஏற்பாடு! ஆனால், பஞ்சாபி பேசும் வீட்டார் பலரே தம் தாய்மொழி இந்தி என்று எழுதிக் கொடுத்தனர். மொழி, சமயத்தின் அடையாளமாகிப் பூசலை வளர்த்தது. 1966 இல் அம்மாநிலமே பிரிக்கப்பட்டது. பெரியோர் உள்ளத்திலே இசைவின்றேல் பள்ளித் திட்டம் ஏட்டோடு நின்றுவிடும் என்பதை இதனால் அறிகின்றோம்.

இனிக் கற்பிக்கும் முறையைப் பார்ப்போம். எழுத்துக்கு முன்னே ஒலி வருதல் வேண்டும். பஞ்சாபியிலே குதிரைக்கும் சவுக்குக்கும் உரிய சொற்கள், பேச்சிலே குரலின் ஏற்ற இறக்கத்தால் வேறுபடுகின்றன. அதனை வெறும் ஏட்டைக் காட்டி எவ்வாறு புகட்டுவது? சிங்களத்திலும் இத்தகைய நுட்பம் உண்டு. மலைக்கும் அடிமரத்துக்கும் உரிய சொற்கள் இரண்டையும் நம் எழுத்திலே 'கந்த' என்றே எழுதுவோம். மலையைக் குறிக்கும்போது மூக்கொலி நின்று ஒலிக்கும். அடிமரத்தைக் குறிக்கும்போது தோன்றியவுடன் மறையும். கண்ணைக் குறிக்குஞ் சொல்லின் முதலுயிரோ அகரமுமன்று, எகரமுமன்று, இரண்டுக்கும் இடைப்பட்டது. இவற்றைப் பிள்ளை முதலிற் கேட்கட்டும், பின்னர்ச் சொல்லட்டும், அதன் பின்னரே எழுதட்டும்.

எளிமையானவற்றிலிருந்து தொடங்குதலும் நன்று. அம்மா, அக்கா இரு மொழிக்கும் பொது. நாம் கடை என்பதை அவர்கள் 'கடே' என்பர். நமக்குக் கறிச்சரக்காகிய மல்லி, அவர்களுக்குத் தம்பி! இதனைக் கேட்ட வகுப்பு சிரிக்காதிருக்குமா? சிரிப்புள்ள இடத்திலே அச்சம் நில்லாது. மேலும், 'போகிறேன், போகிறாய், போகிறான்' என்று நாம் மாற்றி மாற்றிச் சொல்வதையெல்லாம் பேச்சுச் சிங்களத்திலே 'யனவா' என்னும் ஒரே சொல் முடித்துவிடுகின்றது. சொற்றொடரின் இறுதியிலே வினை நிற்பது நமக்குப் பழகிய முறையே.

ஒன்றை மறத்தலாகாது. தாய்மொழி வேரூன்றிய பின்னரே பிறமொழி தளிர்க்கும். தமிழிலே தடுமாறும் பிள்ளைமீது மற்றொரு மொழியைச் சுமத்துதல், குளத்து நீர் வாய்க்காலுக்கு வருமுன்னே நாற்று நடுவதை ஒக்கும்.

இப்பணி ஒருவழிப் பாதையாகவும் இருத்தலாகாது. வவுனியா தெற்கிலே ஒரு சிங்களச் சிறுமி தமிழிலே 'அக்கா' என்று அழைக்கக் கற்கும்போதுதான், வவுனியா வடக்கிலே நம் சிறுவன் 'மல்லி' என்று அழைக்கக் கற்பதற்கு மதிப்புண்டாகும். அலுவலகமும் தமிழிலே மறுமொழி தருமாயின், அம்மதிப்பு நிலைபெறும். அதுவரை ஆசிரியர்களே, உங்கள் வகுப்பறையிலே கசப்பைப் புகவிடாது காப்பீர்களாக. பெற்றோர்களே, நீங்கள் பட்ட துன்பத்தைப் பிள்ளைக்குச் சொல்லுங்கள். அதனோடு அயலாரின் மொழியையும் கற்கவிடுங்கள்.